அசையும் படம் வைத்துக் கதை எழுதப் பழக்குவது: வன்னி ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். சில ஆண்டுகளாகத் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் கதை எழுதப் பழக்க, சின்னச் சின்ன அசைவூட்டப் படங்களைச் செய்விக்கிறேன். இதைக் கேள்விப்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுசுட்டான், மல்லாவி, கிளிநொச்சி என்று பல இடங்களிலிருந்தும் போன் எடுத்துக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதே பதிலை பஸ் தரிப்பிடத்திலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அனிமேஷன் எண்டா கார்ட்டூன் தானே சேர்? அதை நாங்கள் எப்பிடிச் செய்யிறது?

தொலைக்காட்சியில் வருவதும் நாம் செய்வதும் ஒரே வித்தைதான். ஒன்றுக்கொன்று கொஞ்சமே மாறுபட்ட படங்களை அடுத்தடுத்து வேகமாகக் காட்டினால் அவை அசைவதாகக் கண் நம்பிவிடும். சினிமாவில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். கையால் வரைபவர்கள் பல இடங்களில் ஒரே படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி, வினாடிக்கு 12 படங்களோடு சமாளிப்பார்கள். வகுப்பறைக்கு 5 படம் போதும். வெட்டி வெட்டித்தான் ஓடும். பிள்ளைகளுக்கு அதுவே சிரிப்பு.

முதல் நாள் கணினியும் வேண்டாம், போனும் வேண்டாம். பிறிஸ்டல் போர்ட் என்ற தடித்த அட்டையில் ஒரு வட்டம் வெட்டுங்கள். ஒரு பக்கம் எருமை, மறுபக்கம் கொக்கு. கொக்கைத் தலைகீழாகக் கீற வேண்டும், இல்லாவிட்டால் சுழலும்போது அது கால் மேலே இருக்கும். இடமும் வலமும் துளை போட்டு நூல் கட்டி முறுக்கி இழுத்தால் கொக்கு எருமையின் முதுகில் வந்து நிற்கும். 1820களில் இலண்டனில் விற்ற விளையாட்டுச் சாமான் இது. அங்கே பறவையும் கூடும் வைத்தார்கள்; எங்கள் பிள்ளைகளுக்கு எருமையும் கொக்கும்தான் தினமும் கண்ணில் படுகின்றன.

தமிழ்ப் பாடத்துக்கு இது ஏன்? கட்டுரை எழுதப் பழக்கினாப் போதாதா?

"எமது கிராமம்" என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். 30 கொப்பிகளில் 25 "இயற்கை எழில் கொஞ்சும் எமது கிராமம்" என்று தொடங்கும். பிழை பிள்ளைகளிடம் இல்லை. அந்த வரிக்குப் புள்ளி கிடைக்கும் என்று யாரோ பழக்கியிருக்கிறோம், நானும் பழக்கியிருக்கிறேன்.

இப்போது அதே பிள்ளையிடம், "அந்த வரியைப் பத்து வினாடிப் படமாக எடு" என்று சொல்லுங்கள். எழில் எப்படிக் கொஞ்சும்? யார் நிற்கிறார்கள்? எங்கே? கையில் என்ன? பிள்ளை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். படம் எடுக்க வேண்டுமென்றால் எதையாவது குறிப்பாகத் தீர்மானித்தே ஆக வேண்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளை கடைசியில் எழுதியது இது: "அப்பா சைக்கிள் கரியரில் உரப்பையை வைத்து ரியூப்பால் கட்டுவார். அந்த நேரத்தில் குளக்கட்டில் ஒரு கொக்கு மட்டும் நிற்கும்." எழில் என்ற சொல்லே இல்லை. ஆனால் ஊர் இருக்கிறது.

"அவன் மிகவும் கவலைப்பட்டான்" என்பதும் அப்படித்தான். கவலையைப் படம் பிடிக்க முடியாது. கவலைப்படுகிறவன் செருப்பு வாரை இழுத்து இழுத்து விடுவதைப் பிடிக்கலாம்.

எனக்குப் படம் கீறவே வராது. என்னால ஏலுமா?

ஏலும். நன்றாகக் கீறத் தெரிந்த ஆசிரியர்தான் இதில் ஆபத்து. அவர் கரும்பலகையில் ஓர் அழகான யானையைக் கீறிவிட்டால் முப்பது பேரும் அதைப் பார்த்துக் கீறுவார்கள், கதையும் முப்பது பேருக்கும் ஒன்றாகிவிடும்.

கீற வேண்டியதே இல்லாத வழியும் உண்டு. புளியங்கொட்டை, சோடா மூடி, நெருப்புக் குச்சி, வெட்டிய தாள் உருவங்கள் எல்லாம் நடிக்கும். இரண்டு சோடா மூடிகளை ஒன்றையொன்று நெருங்க விட்டு, ஒன்றைச் சட்டென்று திருப்பி நகர்த்தினால் பார்க்கிறவர்கள் "கோபம்" என்பார்கள். முகம்கூடத் தேவைப்படாது.

எங்கட பள்ளிக்கூடத்தில இருக்கிற கணினி எல்லாம் பழசு. எந்தக் கருவியில தொடங்கிறது?

கொப்பி மூலையில் தொடங்குங்கள். பழைய சீஆர் கொப்பியின் வலது கீழ் மூலையில், கடைசித் தாளிலிருந்து முன்னோக்கிக் கீறிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் கீழே உள்ள படம் மேலே உள்ள தாளில் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்த்திக் கீறலாம். முன்தாளிலிருந்து தொடங்கிய பிள்ளைகள் பாதியில் குழம்பிவிடுவார்கள். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது எனக்குக் கைகொடுத்தது இது ஒன்றுதான்.

அடுத்தது போன். ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ என்ற செயலியின் இலவசப் பதிப்பே போதும். ஒருதரம் இறக்கி வைத்தால் படம் எடுக்க இணையம் வேண்டியதில்லை. முந்திய படம் மங்கலாகத் திரையில் நிற்பதால் எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரியும். கணினியில் பவர்பாயிண்ட் இருந்தால் அதுவும் ஆகும்: ஒரு சிலைட்டை நகலெடுத்து, உருவத்தைச் சற்று நகர்த்தி, மறுபடி நகலெடுத்து, பிறகு எல்லாவற்றையும் தானாக ஓட விடலாம். பென்சில் 2டி என்ற இலவச மென்பொருள் பழைய கணினியிலும் ஓடக்கூடிய இலேசான ஒன்று. ஆனால் மவுசால் கீறுவது உரலால் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அதை நான் விட்டுவிட்டேன். ஸ்கிராட்ச் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன், அது தனிக் கதை.

ஸ்கிராட்ச் ஐசிரி பாடத்துக்குரியது எல்லோ? தமிழ் ரீச்சருக்கு அதில என்ன வேலை?

அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகம் 2007இல் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் பழக்க வெளியிட்டது அது. இலவசம். கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஐசிரி, அதாவது தகவல் தொழில்நுட்பப் பாட ஆசிரியர் அதில் சுழற்சியையும் நிபந்தனையையும் படிப்பிப்பார். கட்டளைகளைத் திரையில் கட்டைகளாக அடுக்குவதுதான் அதில் வேலை. எனக்கு வேண்டியது மூன்று கட்டைகள் மட்டும்: சொல்வது, நினைப்பது, காத்திருப்பது.

சொல்லும் கட்டையை வைத்தால் பாத்திரத்தின் தலைக்கு மேல் பேச்சுக் குமிழி வரும். நினைக்கும் கட்டையை வைத்தால் எண்ணக் குமிழி வரும். ஒரே பாத்திரம் ஒன்றைச் சொல்லி வேறொன்றை நினைக்கலாம் என்று பிள்ளை கண்டுபிடிக்கிற நாள் இருக்கிறதே, அன்றைக்குத்தான் கதை பிறக்கும். தரம் 8இல் ஒரு பிள்ளை செய்தது: அம்மா "சாப்பிட்டியா?" என்கிறாள். மகள் "ஓம் அம்மா, பள்ளிக்கூடத்தில தந்தவை" என்று சொல்கிறாள். நினைப்பது: "தம்பிக்குக் காணாது." சிறுகதையில் உட்பொருள் என்று நாம் அரை மணித்தியாலம் விளக்குவதைப் பிள்ளை இரண்டு குமிழியில் செய்துவிட்டது. பிறகு நான் கேட்ட வேலை, எண்ணக் குமிழி இல்லாமல் இதை உரைநடையில் எழுது என்பது. "கோப்பையைத் தம்பியின் பக்கம் தள்ளினாள்" என்று வந்தது.

காத்திருக்கும் கட்டை இன்னும் நல்லது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே 3 வினாடி காத்திருக்கச் சொன்னால் அந்தப் பதிலின் பாரமே மாறிவிடும். தாளில் 3 வினாடியை எப்படி எழுதுவது? "சற்று நேரம் மௌனம் நிலவியது" என்று எழுதலாம்தான். அதைவிட, "முற்றத்தில் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது" என்று ஒரு வரி வைத்தால் அந்த இடைவெளி தானாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கிராட்ச் திறந்தவுடன் ஒரு பூனை நிற்கும். அதை முதலில் அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முப்பது பூனைக் கதை வாசிக்க வேண்டி வரும்.

ஒரு போன் தான் இருக்கு, அதுவும் என்ர போன். பிள்ளையள் முப்பத்திரண்டு பேர். எப்பிடிச் சமாளிக்கிறது?

மாணவர் போன் கொண்டுவர முடியாது என்பதால் எல்லோருக்கும் நிலைமை இதுதான். அதிபரிடம் சொல்லி அனுமதி எடுத்துவிட்டு, உங்கள் போனைப் பறக்கும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். படம் எடுக்கும் நடுவில் மச்சான் அழைத்தால் சட்டகம் ஆடிவிடும்.

கணக்கு எளிது. 20 வினாடிப் படத்துக்கு, வினாடிக்கு 5 என்று பார்த்தால் 100 படங்கள். ஒருவர் நகர்த்த, ஒருவர் தட்ட, ஒருவர் எண்ண, பழகிய குழு 25 நிமிடத்தில் முடித்துவிடும். ஒரு பாடவேளைக்கு ஒரு குழு. மற்றக் குழுக்கள் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும். போன் ஒன்றே ஒன்று என்பது குறை மாதிரித் தெரியும். எனக்கு அது வசதி, ஏனென்றால் முறை வரும்வரை எழுதுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

போனை நிறுத்த முக்காலி வேண்டாம். இரண்டு மேசைகளை ஒரு விரற்கடை இடைவெளியில் நெருக்கி, அதன்மேல் போனைத் திரை மேலே தெரியவும் பின்கமரா இடைவெளியூடாகக் கீழே பார்க்கவும் வைத்து, கீழே வாங்கின் மேல் படத்தை விரித்துவிடலாம். வெளிச்சம்தான் தொல்லை. எங்கள் வகுப்பறைகளில் அரைச் சுவர், வெளியே முகில் நகர்ந்தால் உள்ளே படம் மினுங்கும். இயன்றவரை ஒரு மூலையைப் பிடித்து, செயலியில் வெளிச்ச அளவைப் பூட்டி வையுங்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட பிள்ளை குனிந்தாலும் வெளிச்சம் மாறும், இதை நான் மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

பாடவேளை 40 நிமிசம். பாடத்திட்டமும் முடிக்க வேணும். எத்தனை நாள் எடுக்கும்?

ஒரு தவணைக்கு ஒரு படம், ஒரு குழுவுக்கு ஐந்தாறு பாடவேளை. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

நான் செய்கிற ஒழுங்கு இது. முதல் நாள் கதையை வாயால் சொல்லி, ஐந்தாறு வசனத்தில் எழுதுவது. இரண்டாம் நாள் ஒரு தாளை ஆறு பெட்டியாகப் பிரித்து, பெட்டிக்கு ஒரு குச்சி உருவப் படமும் ஒரு வினைச்சொல்லும். வினைச்சொல் மட்டும்: குனிகிறான், தேடுகிறான், எடுக்கிறான். பெட்டிக்குள் போட வினை கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் கதையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். பிறகு படம் எடுப்பது, குழுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நாட்கள். அப்புறம் சத்தமில்லாமல் பார்ப்பது. கடைசியாகத் திருப்பி எழுதுவது. இந்தக் கடைசி நாளை நேரம் போதாது என்று வெட்டிவிட்டால் முழுதும் வீண்.

பிள்ளையள் படத்திலயே மூழ்கிப் போயிடுதுகள். எழுதச் சொன்னா மூண்டு வரி.

எனக்கும் அதுதான் நடந்தது. முதல் வருடம் அழகழகான படங்கள் வந்தன, பெற்றோர் கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது. கொப்பியைத் திறந்தால் "நாங்கள் படம் எடுத்தோம். அது நன்றாக இருந்தது" என்ற அளவில்தான் எழுத்து. ஐசிரி ஆசிரியருக்குச் சந்தோசம், தமிழ் ஆசிரியருக்கு வெறுங்கை.

அதற்குப் பிறகு சட்டம் போட்டேன். இரண்டு பாத்திரம், ஓரிடம், 20 வினாடி, அதற்கு மேல் இல்லை. ஆறு பெட்டித் தாள் முடியாமல் போன் கிடையாது. படம் முடிந்ததும் எடுத்த குழுவைத் தவிர மற்ற எல்லோரும் அதைச் சத்தமில்லாமல் இரண்டு தரம் பார்த்து, கண்டதை எழுத வேண்டும். எடுத்தவர்கள் நினைத்தது ஒன்று, பார்த்தவர்கள் எழுதியது இன்னொன்று. "நாங்கள் அவன் களவெடுத்தான் எண்டு எடுத்தம், இவையள் விழுந்ததை எடுத்துக் குடுத்தான் எண்டு எழுதியிருக்கினம்" என்று சண்டை வரும். அந்தச் சண்டையைச் சீக்கிரம் தீர்த்துவைக்காதீர்கள். வாசகர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு நம் மனதிலுள்ளது தெரியாது என்பதைப் பிள்ளைகள் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் படிப்பதில்லை.

கதைக்கு என்ன தலைப்புக் குடுக்கிறது?

தலைப்புக் கொடுக்காதீர்கள், பொருள் கொடுங்கள். "ஒற்றுமையே பலம்" என்று கொடுத்தால் நான்கு மாடும் ஒரு சிங்கமும் வரும். ஒரு ரோச் லைற்றைக் கொடுத்தால் யானைக் காவல் கொட்டில் வரும். வெற்று உரப்பை, அறுந்த செருப்பு, பஸ் ரிக்கற், தூண்டில், பாலப்பழக் கறை பட்ட பள்ளிச் சட்டை, இவை ஒவ்வொன்றும் ஒரு கதைதான்.

ஊர் நிகழ்வுகளும் நல்லவை, ஆனால் ஒரு துண்டாக. வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை முழுதாகக் காட்ட வெளிக்கிட்டால் கூட்டத்தைக் கீறியே காலம் போகும். பொங்கலில் தொலைந்த ஒரு சின்னப் பிள்ளையின் கையிலிருந்த பலூனை மட்டும் எடுத்தால் 20 வினாடிக்குள் அடங்கும். 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சிப் பக்கம் வெள்ளம் வந்ததை வீட்டில் இன்னும் கதைப்பார்கள். அந்த வெள்ளத்தில் மிதந்துபோன ஓர் அண்டாவின் பயணத்தை ஒரு குழு எடுத்தது. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை எடுக்கவும் எப்போதும் ஒரு குழு கேட்கும். எடுக்கட்டும். ஆனால் 100 படத்திலும் வாள்தான் வீசுவார், வசனம் ஒன்றும் மிஞ்சாது. வாளைத் தீட்டிக்கொடுத்தவரின் கதையை எடு என்று சொல்லிப் பாருங்கள்.

பேச்சுத்தமிழில எழுத விடலாமா? சோதினையில வெட்டிப்போடுவினமே?

பாத்திரம் பேசுவது பேச்சில், கதைசொல்லி சொல்வது எழுத்துநடையில். இந்த ஒரு விதியைக் குமிழி இலகுவாகப் பழக்கிவிடும். குமிழிக்குள் இருப்பது பாத்திரத்தின் வாய், வெளியே இருப்பது எழுதுகிறவரின் வாய். தாளுக்கு வரும்போது குமிழி மேற்கோள்குறியாக மாறுகிறது, அவ்வளவுதான். "வாறன்" என்று பேசிய பாத்திரம் எழுத்தில் "வருகிறேன்" என்று பேசினால் அந்த ஆளே மாறிவிட்டார் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

இன்னொன்று. வன்னியில் ஒரே வகுப்பில் பல தமிழ் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் "வாரேன்" என்பார்கள், பக்கத்து வாங்கில் "வாறன்" என்பார்கள். கடற்கரைப் பிள்ளைகளிடம் கடலுக்கென்றே தனிச் சொற்கள் இருக்கும். இரண்டு பாத்திரத்துக்கு இரண்டு குரல் வேண்டும் என்று நாம் தலையால் அடித்துச் சொல்கிறோம், குரல்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நிபந்தனை: மற்றவரின் பேச்சைப் பகிடிக்கு எடுக்கக் கூடாது. அந்த வீட்டுப் பிள்ளையே அந்தப் பாத்திரத்தின் வசனத்தைச் சரிபார்க்கட்டும்.

தமிழ் எழுத்து கண்டபடி இங்கிலிசு எழுத்தா வருது. ஏன்?

பாமினியில் தட்டச்சு செய்ததை எடுத்து ஒட்டியிருப்பீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்துகிற எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை கழன்றுவிடும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் தட்டச்சு செய்யுங்கள், போன் விசைப்பலகையும் யூனிகோட்தான். அதுவும் தொல்லை என்றால் குமிழியைத் தாளில் வெட்டி, கையால் எழுதி, படத்துக்குள் வையுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சத்தம் போட வேணாமா?

போடலாம், எல்லாம் முடிந்த பிறகு. சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம். அது வந்ததும் பிள்ளையின் கதை பின்னால் போய்விடும், உரிமைச் சிக்கலும் உண்டு.

சுளகில் அரிசியைச் சரித்தால் மழை. இரண்டு சிரட்டையைத் தட்டினால் மாட்டு வண்டி. பனை ஓலையை அசைத்தால் காற்று. இந்தச் சத்தங்களைச் செய்துவிட்டு, அதைச் சொல்லாக எழுதச் சொல்லுங்கள்: சலசல, கடகட, படபட, மொறுமொறு. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று இலக்கண வகுப்பில் மனனம் செய்த பிள்ளை, "சல" என்று ஒருதரம் மட்டும் சொல்லிப் பார்த்து அதில் மழை இல்லை என்று தானே கண்டுகொள்ளும்.

படத்தில தெரியிறதை மட்டும் எழுதினா வெறும் விவரணை தானே வரும்? இலக்கியம் எங்க?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நான் அன்று பதில் சொல்லத் திணறினேன். "குனிந்தான், எடுத்தான், ஓடினான்" என்று எழுதப் பழகிய பிள்ளை அதோடு நின்றுவிடுகிற ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

அதற்காகத்தான் இப்போது இரண்டாவது பிரதிக்கு ஒரு கட்டளை வைத்திருக்கிறேன்: கமராவால் பிடிக்க முடியாத மூன்று விடயம் அதில் இருக்க வேண்டும். நெல் அவிக்கிற மணம். வெயிலில் காய்ந்த சைக்கிள் சீற்றின் சூடு. "இரண்டு போகம் கழிந்தது" என்ற காலப் பாய்ச்சல். "இதே மரத்தில்தான் அம்மப்பா ஊஞ்சல் கட்டினாராம்" என்ற நினைவு. படம் எதைச் செய்யும் என்று கண்ணால் கண்ட பிள்ளைக்குத்தான், எழுத்து மட்டுமே செய்யக்கூடியது எது என்று தெரியவரும். இரண்டும் ஒரே கதையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி.

புள்ளி எப்பிடிப் போடுறது?

படத்துக்குப் புள்ளி இல்லை. முதல் நாள் எழுதிய ஐந்தாறு வசனத்தையும் கடைசிப் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வினைச்சொற்களின் கீழ்க் கோடிடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது: முதலாவதில் "இருந்தது, இருந்தார்கள், மகிழ்ந்தனர்" என்றும் கடைசியில் "கட்டினார், தள்ளினாள், கிளறியது" என்றும் இருந்தால் முன்னேற்றம் தெரியும். எழுத்துப் பிழைக்கு நான் கடைசிப் பிரதியில் மட்டும் கை வைப்பேன்.

அதிபரும் பெற்றாரும் விளையாட்டு எண்டு சொல்லினம். சாதாரண தரப் பிள்ளையளுக்கு நேரமில்லையாம்.

தரம் 10, 11 வகுப்புகளில் நானும் செய்வதில்லை. அதற்கு முன்பே செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பெற்றாருக்கு விளக்கம் கொடுப்பதைவிட, மேலே சொன்ன இரண்டு பிரதிகளையும் கையில் கொடுத்து வாசிக்க விடுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டியின் சிறுகதைப் பிரிவுக்கு ஆள் தேடும் நேரத்தில் அதிபரே உங்களிடம் வருவார்.

ஒரு பிள்ளை யுத்தத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போறன் எண்டுது. விடுறதா, மறிக்கிறதா?

இப்போது வகுப்பிலிருப்பவர்கள் 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் வீட்டில் கேட்ட கதைகளும், சுவரில் மாலை போட்ட படங்களும், இன்னும் தேடப்படும் உறவுகளும் அவர்களோடு வளர்ந்திருக்கின்றன. நானாக அந்தத் தலைப்பைக் கொடுப்பதில்லை. பிள்ளை தானாக எடுத்தால் மறிப்பதும் இல்லை.

கவனிக்க வேண்டியது சில உண்டு. அந்தப் படத்தைக் குழு வேலையாக்காமல், பிள்ளை விரும்பினால் தனியாகச் செய்யட்டும். சத்தமில்லாமல் எல்லோரும் பார்த்து எழுதுகிற சுற்றுக்கு அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது. "முடிவை நல்லதாக மாற்று" என்று சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை வெறும் கதவை மட்டும் எடுத்தது, கதவு திறக்கும், மூடும், திறக்கும். நான் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. பிள்ளையின் நடவடிக்கையில் மாற்றம் தெரிந்தால், அழுதால், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தால், பள்ளியின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். நாம் தமிழ் ஆசிரியர்கள், அந்தக் காயத்துக்கு மருந்து நம்மிடம் இருப்பதாக நடிக்கக் கூடாது.

படங்களை யூரியூபில போடலாமா?

மேலே சொன்ன மாதிரியான படம் எதையும் எந்தக் காரணம் கொண்டும் போடாதீர்கள். மற்றவற்றுக்குப் பெற்றாரின் எழுத்து அனுமதி வேண்டும். பிள்ளையின் முகம், பெயர், பள்ளிச் சின்னம் தெரியக் கூடாது. எனக்கு வகுப்பில் காட்டுவதே போதும். இணையத்துக்கு என்று எடுக்கத் தொடங்கினால் பிள்ளைகள் லைக் வாங்குகிற கதைதான் எடுப்பார்கள்.

இப்ப ஏஐயிட்ட ஒரு வரி சொன்னா அதுவே படம் செய்து தருதே. பிறகேன் புளியங்கொட்டையை நகர்த்துவான்?

"இயற்கை எழில் கொஞ்சும் கிராமம்" என்று கொடுத்தால் அது தயங்காமல் செய்து தரும். இரண்டாவது பதிலில் சொன்ன தடுமாற்றம் அங்கே இல்லை. பிள்ளைக்குப் பதிலாக அதுவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்: வீடு எப்படி, மரம் எது, அப்பா எப்படி நிற்கிறார் என்று.

ஒரு தரம் பயன்படுத்தலாம். அது தந்த கிராமத்தைத் திரையில் போட்டு, "இதில் எங்கள் ஊரில் இல்லாதது என்ன?" என்று கேளுங்கள். பனையைத் தேடுவார்கள், வரம்பைப் பார்ப்பார்கள், நாய் இல்லையே என்பார்கள். அந்தப் பட்டியல் நல்ல எழுத்துப் பயிற்சி.

ஒரு பிள்ளை பேனையைத் தொடவே மாட்டன் எண்டுது. குழுவிலயும் கதைக்காது. என்ன செய்யலாம்?

வசனம் கேட்காதீர்கள். படத்துக்கு ஒரு சொல் கேளுங்கள். எடுத்த படங்களை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும் என்று சொல்லலாம். பேச்சுத்தமிழாக இருக்கட்டும், பிழையாக இருக்கட்டும்.

தரம் 7இல் ஒரு பையன் ஒரு வாரம் முழுக்க ஒரு புளியங்கொட்டையை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தான். அவன் எழுதிய தாள் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. "நிக்குது" என்று பதினொரு தரம். பன்னிரண்டாவது "பாக்குது." எதைப் பார்க்குது என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவன் எழுதிய பதில் ஆறு வரி.